ஓரம் முறுக்கிய கைகள்

தாமான் செரி மெலோர், மூன்றாம் தெரு, இருபத்திரண்டாம் எண் வீட்டின் சமையலறைத் தரையில் மஞ்சள் ஒட்டுநாடா ஒன்று சதுரமாக ஒட்டப்பட்டிருக்கிறது. அதை ஒட்டியவன் நான். வீட்டின் மொத்தத் தரைப்பரப்பு எண்ணூற்று அறுபது சதுர அடி. வீட்டிலிருந்து செய்யும் தொழிலுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்பது எங்கள் நகராண்மைக் கழகத்தின் இரண்டாம் நிபந்தனை. அடுப்பு நாடாவுக்குள் வந்தது. மாவு பிசையும் மேசை வந்தது. ஃப்ரீசர் பெட்டி மட்டும் பாதி வெளியே நின்றது. அந்த வீட்டுப் பெண்மணி கல்சோம் அதை இடுப்பால் முட்டி முட்டி உள்ளே தள்ளிவிட்டு மூச்சு வாங்கக் கேட்டார்:

"இப்ப சட்டத்துக்குள்ள வந்துட்டேனா, தம்பி?"

"வந்துட்டீங்க, மக்சிக்."

"அப்ப தண்ணி குடிக்க வெளிய போகலாமில்ல?"

எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் மக்சிக்தான்; மலாயில் அத்தை. நான் எதிர்வீட்டுக்காரன். வரைபடத்தைக் கணினியில் வரைந்து விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியிருந்ததால் அந்த வேலை என்னிடம் வந்தது. அதன்பின் அவருக்கு வந்த கடிதங்களின் நகல்களும் என் கோப்பிலேயே சேர்ந்தன. இங்கே எழுதுவதில் நாட்களும் நிபந்தனைகளும் அந்தக் கோப்பிலிருந்து வருபவை. மற்றவை நான் நேரில் கண்டவை, கேட்டவை.

கல்சோமுக்கு அப்போது வயது ஐம்பத்தாறு. பதினெட்டு வயதில் மின்பொருள் தொழிற்சாலையின் சிற்றுண்டிச் சாலையில் வேலைக்குச் சேர்ந்து, உருளைக்கிழங்கு மசாலா அடைத்து மடித்த கறிபாப்பை அங்கேயே செய்யக் கற்றவர். தொழிற்சாலையில் இறங்கும் பெண்களை ஏற்றி வந்த பேருந்தின் ஓட்டுநர் டெருஸ். தினமும் இரண்டு கறிபாப் வாங்கியவர், மூன்றாம் மாதம் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். ஒரே மகள் திருமணமாகிக் கடல் கடந்து சபா மாநிலத்தில் இருக்கிறாள். நான்கு ஆண்டுகளுக்கு முன், நெடுஞ்சாலையில் முப்பத்தெட்டுப் பயணிகளோடு வந்துகொண்டிருந்தபோது டெருஸின் வலக்கையும் வலக்காலும் ஒருசேரச் செயலிழந்தன. இடக்காலால் பேருந்தை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தார். அந்தப் பயணிகளில் ஒருவருக்கும் கீறல் இல்லை. அவரிடம் எஞ்சியவை இடக்கையும் மூன்று சொற்களும்: "ஆமா", "இல்ல", "பிரேக்". பசி, கோபம், போதும் என்பது, தொலைக்காட்சியை அணை என்பது எல்லாமே பிரேக்தான்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கல்சோமின் நாளை அளப்பது அதுதான். கடைக்குப் போனால், திரும்பும் நேரம் போகும்போதே முடிவாகியிருக்கும். வெளியே போய்ச் செய்யும் எந்த வேலையும் அவருக்கு ஒத்துவராது. உறைய வைத்த கறிபாப்பை இருபது இருபதாகப் பொட்டலம் கட்டி இரண்டு பள்ளிச் சிற்றுண்டிச் சாலைகளுக்கு அனுப்புவது ஒன்றே வழி. அதற்கு நகராண்மைக் கழகத்தின் வீட்டுத்தொழில் உரிமம் வேண்டும். உரிமம் இல்லையென்றால் பள்ளி வாங்காது.

உரிமத்துக்கு ஏழு நிபந்தனைகள். பெயர்ப்பலகை கூடாது, வாடிக்கையாளர் வாகனம் வீட்டுமுன் நிற்கக் கூடாது, இடம், வலம், முன், பின் என நான்கு வீட்டாரும் சம்மதக் கையொப்பம் இட வேண்டும். இடப்பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை பாஹியா, வலப்பக்கம் கடிகாரம் பழுதுபார்க்கும் ஊய், முன்னால் என் அம்மா, பின்னால் ஒரு லாரி ஓட்டுநர். ஒரே மாலையில் நான்கும் கிடைத்தன. நான்காம் நிபந்தனையை நான் அப்படியே எழுதுகிறேன்: "அவ்வீட்டில் வசிப்போர் தவிர வேறு எவரும் தொழிலில் ஈடுபடலாகாது."

கடந்த ஆண்டு மே மாதம் கல்சோமின் வலது மணிக்கட்டு வீங்கியது. கறிபாப்பின் ஓரத்தை முறுக்குவது கட்டைவிரலின் வேலை. மடித்து, அழுத்தி, இழுத்து, மறுபடி மடித்து, ஒன்றுக்குப் பதினெட்டு மடிப்பு. ஒரு நாளைக்கு முந்நூறு கறிபாப். மருத்துவர் பட்டை கட்டிவிட்டு ஆறு வாரம் ஓய்வு என்றார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு பாஹியா டீச்சர் மாவு தேய்க்கும் தன் உருட்டுக்கட்டையோடு வந்து போர்ட்டிக்கோவில் பாயை விரித்தார். பின்னால் இன்னும் ஐந்து பெண்கள் வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை.

இதற்கு இங்கே ரேவாங் என்று பெயர். ஒரு வீட்டில் விருந்தோ இடரோ வந்தால் அக்கம்பக்கத்தார் கத்தியும் பலகையுமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கூலி என்ற பேச்சே எழாது. முதல் நாள் கல்சோம் ஆளுக்கொரு பொட்டலம் எடுத்து நீட்டியபோது, டீச்சர் அதை வாங்கி நேரே ஃப்ரீசருக்குள் திரும்ப வைத்தார்.

"சம்பளம் குடுக்குறியா, சோம்? நான் முப்பத்தோரு வருஷம் சர்க்கார் சம்பளம் வாங்கினவ. உன் இருபது கறிபாப்புக்கு என்னை வாங்க முடியாது."

"சாப்பிடத்தானே குடுத்தேன்."

"உன் கறிபாப்ல உருளைக்கிழங்கு ஜாஸ்தி. வேணாம்."

நான்காம் நிபந்தனையை வாசித்துப் பொருள் சொன்னவன் நான். தினமும் என் வீட்டு வாசலிலிருந்து அந்த ஆறு பெண்களையும் பார்த்தேன். எனக்கு அது ஒருமுறைகூட நினைவில் எழவில்லை. தொழிலில் ஈடுபடும் வெளியாள் என்றால் எவனோ ஒரு கூலியாள் என்றே எண்ணியிருந்தேன். பாஹியா டீச்சர் வெளியாள் என்று எங்களில் யாருக்குத் தோன்றும்?

ஓரம் முறுக்குவதில் ஆளுக்கொரு விதம் உண்டு. கல்சோமினது மெல்லிய கயிறுபோல் நெருக்கமாக ஓடும். டீச்சரினது இடைவெளி பிசகாமல் கோடு போட்ட நோட்டுப் புத்தகம்போல் இருக்கும். ரொஸ்மினா என்ற பெண் அவசரக்காரி. அவளுடையது எப்போதும் வால் பக்கம் முடியாமல் நிற்கும். கல்சோம் பொட்டலம் கட்டும்போது சிரிப்பார்: "இந்த மூட்டைய பாத்தா யாரு யாரு வந்தாங்கன்னு வருகைப் பதிவே எடுக்கலாம், டீச்சர்."

ஜூலை இருபத்தேழு, வியாழக்கிழமை. காலை பத்தரை மணிக்கு நகராண்மைக் கழகத்தின் வெள்ளை வண்டி வந்து நின்றது. இறங்கியவர் இளைஞர், பெயர் ஹில்மி, கையில் கோப்பு. ஆண்டுப் புதுப்பிப்புக்கான பார்வை என்றார். புகார்க் கடிதம் ஒன்றும் வந்திருப்பதாகச் சொன்னார். பாயில் ஆறு பெண்கள். நடுவே மூன்று தட்டு நிறைய கறிபாப்.

"இவங்க எல்லாம் யாரு, மக்சிக்?"

கல்சோம் வாய் திறக்குமுன் டீச்சர் திறந்துவிட்டார்.

"ரேவாங், தம்பி. கந்தூரி வருதில்ல."

"கந்தூரியா? எதுக்கு?"

"அவ புருஷன் உடம்பு தேறணும்னு ஒரு துவா. நாலு பேருக்கு சாப்பாடு. இதுகூட வேணாமா?"

உள்ளேயிருந்து டெருஸின் குரல் வந்தது: "பிரேக்!"

"பாருங்க, அவருக்கே ஆசை பொறுக்கல," என்றார் டீச்சர்.

"எப்போ கந்தூரி?" ஹில்மி கல்சோமைத்தான் கேட்டார்.

கல்சோமின் கண் சுவரிலிருந்த நாட்காட்டிக்குப் போனது. "ஆகஸ்ட் பத்தொன்பது," என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கந்தூரி என்ற சொல்லைச் சொன்னபின், எதிரே நிற்பவரை அழைக்காமல் விடும் பழக்கம் எங்கள் பகுதியில் யாருக்கும் இல்லை. தபால்காரர் நின்றிருந்தாலும் அழைத்திருப்பார். அதிகாரிகளை மரியாதையாக அழைக்கும் துவான் என்ற சொல்லோடு வாய் தானாகத் தொடர்ந்தது: "நீங்களும் கண்டிப்பா வரணும், துவான். வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

"இன்ஷா அல்லாஹ்," என்றார் ஹில்மி. கோப்பைத் திறந்து எழுதினார்.

அறிக்கையின் நகல் நான்கு நாள் கழித்து வந்தது. "வெளியார் அறுவர் காணப்பட்டனர். வீட்டு விருந்துக்கான உதவி என விளக்கம். விருந்து நாள்: ஆகஸ்ட் 19. அன்று மீண்டும் பார்வையிடப்படும். அதுவரை புதுப்பிப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது." புகார்க் கடிதத்தின் நகலும் உடன் இருந்தது. பெயரை மறைத்திருந்தார்கள், உள்ளடக்கம் கையால் எழுதப்பட்டது. சம்மதப் படிவங்கள் நான்கும் என் கோப்பிலேயே இருந்தன. புகார் எழுதியது அந்த நால்வரில் ஒருவரா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நான் அந்தக் காகிதங்களை அருகருகே வைத்தபோது, கல்சோம் உள்ளங்கையால் அவற்றை மூடினார்.

"வேணாம், தம்பி. கையெழுத்த பாத்தா நீ கண்டுபிடிச்சிடுவ. அப்புறம் நான் அந்த மூஞ்சிய தினமும் பாக்கணும். எங்க ஓடுவேன் நான்?"

"தெரிஞ்சிக்கிட்டா நல்லதுதானே?"

"தெரியாட்டி நாலு பேர் மேலயும் கால் பங்கு கோபம்தான். அது தாங்கும்."

கந்தூரிச் செய்தி அதற்குள் தெருவைத் தாண்டிவிட்டது. தொழுகைக்கூடத்து இமாம் துவா ஓதத் தாமே வருவதாகச் சொல்லி அனுப்பினார். ஊய் இரண்டு மேசை மின்விசிறிகள் கொண்டுவந்து வைத்தார். லாரி ஓட்டுநர் ஐம்பது தேங்காய் இறக்கினார். வழியில் பார்த்தவர்களெல்லாம் டெருஸின் நலம் கேட்டு, நாளை உறுதிப்படுத்திக்கொண்டார்கள். சபாவிலிருந்து மகள் தொலைபேசியில் அழுதாள்: அப்பாவுக்கு என்னவோ ஆகப்போகிறது, அதை மறைத்துவிட்டுத்தான் இந்த துவா என்று நினைத்துவிட்டாள். அவளிடம் உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. பேச்சு எங்கே போய்ச் சேரும் என்று தெரியாது.

அந்த மூன்று வாரம் கல்சோமை நான் பார்த்த விதத்தை ஒரே வரியில் சொல்வதானால், நாடாவுக்குள் நின்றுகொண்டு எந்தப் பக்கம் காலெடுப்பது என்று தெரியாத ஆள். கந்தூரியை நடத்தாவிட்டால் பொய் கோப்பில் ஏறும். நடத்துவதற்குப் பெண்கள் வர வேண்டும். வந்தவர்கள் விற்பனைக்கான கறிபாப்பைத் தொடக் கூடாது. தொடாவிட்டால் பள்ளிகளுக்குப் பொட்டலம் போகாது. மணிக்கட்டோ இன்னும் வீங்கியே இருந்தது. தனியாக உட்கார்ந்து ஒரு நாளைக்கு நாற்பது முறுக்கினார். நாற்பத்தோராவதில் விரல் விறைத்துக்கொள்ளும்.

டீச்சர் ஒரு வழி சொன்னார். "ஆயிரம் கறிபாப் போடலாம், சோம். கேட்டா கந்தூரிக்குன்னு சொல்லுவோம். மிச்சத்த உள்ள வெச்சிடு."

"போதும், டீச்சர். நீங்க சொன்ன பொய்க்கே நான் மாடு வாங்க வேண்டியதாப் போச்சு. அதுல ஒரு பாதிய ஃப்ரீசர்ல வேற வெக்கணுமா?"

"நான் பொய் சொல்லல. தேதி சொன்னது நீ."

"அழைப்பும் நான்தான் குடுத்தேன். என் வாய்க்கு பூட்டு போட அந்த ஏழு நிபந்தனையில ஒண்ணு இருந்திருக்கலாம்."

"பிரேக்," என்றது உள்ளறை. இருவரும் நிறுத்தினார்கள்.

ஆகஸ்ட் பத்தொன்பது, சனிக்கிழமை நண்பகல். தெருவின் பாதியை மறித்துப் பந்தல். ஹில்மி சீருடை இல்லாமல் பூவேலைப்பாட்டுப் பாத்தேக் சட்டையில், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். டெருஸின் இடக்கையைத் தன் இரு கைகளாலும் பற்றி வணங்கி, கட்டிலுக்கு அருகிலேயே தரையில் அமர்ந்தார். துவா முடிந்தது. இறைச்சிக் குழம்பும் சோறும் வந்தன; கடைசியில் தேநீரும் கறிபாப்பும்.

அவர் ஒன்றை எடுத்தார். கடிக்கவில்லை. ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தட்டின் விளிம்பில் வைத்தார். இன்னொன்றை எடுத்து அதனருகே வைத்தார். ஐந்து ஆயின. தேநீர்க் கெண்டியோடு நின்ற கல்சோம் ஊற்றுவதை நிறுத்தியிருந்தார்.

"எங்கம்மாவும் கறிபாப் போடுவாங்க, மக்சிக். நாங்க அஞ்சு பிள்ளைங்க. யாரு முறுக்கினதுன்னு பாத்து திட்டுவாங்க." முதலாவதைத் தொட்டார். "இது டீச்சரோடது. ஸ்கேல் வெச்ச மாதிரி."

"எப்படி கண்டுபிடிச்சே?" என்றார் டீச்சர், தன்னை மறந்த பெருமையோடு.

"எங்க பள்ளிக்கூடத்துல நீங்கதானே கையெழுத்து சொல்லிக் குடுத்தீங்க. நாலாம் வகுப்பு." அவர் தன் தொலைபேசியை எடுத்துத் தரையில் வைத்தார். புகாரோடு இணைத்திருந்த படம்: பள்ளியில் வாங்கிய ஒரு பொட்டலம், பிரித்துப் பரப்பியது. கயிறு, கோடு, வால் முடியாதது, எல்லாம் அதில் இருந்தன. "இது ஜூலை மூணாம் தேதி. கந்தூரிக்கு ஒன்றரை மாசம் முன்னாடி."

"அது ஒத்திகை," என்றார் டீச்சர்.

"பிரேக்!" டெருஸ் கட்டில் சட்டத்தை இடக்கையால் ஓங்கித் தட்டினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கல்சோம் சிரிக்கவில்லை. கெண்டியைக் கீழே வைத்து, முழுக்கைச் சட்டையின் விளிம்பை ஒதுக்கி மணிக்கட்டுப் பட்டையை அவிழ்த்தார். உள்ளே கட்டைவிரலின் அடி ஒரு முட்டை அளவு புடைத்திருந்தது.

"கந்தூரி பொய்யாத்தான் ஆரம்பிச்சது, துவான். மே மாசத்துல இருந்து இவங்கதான் முறுக்குறாங்க. எனக்கு கை இல்ல. சம்பளம் யாருக்கும் குடுக்கல. குடுத்தாலும் வாங்க மாட்டாங்க."

"சம்பளம்னு அதுல இல்ல, மக்சிக். ஈடுபடறதுன்னுதான் இருக்கு."

"உக்காந்து ஊர்க்கதை பேசறது ஈடுபடறதா?" என்றார் டீச்சர்.

"பேசலாம். தொடக் கூடாது." ஹில்மி குரலை இறக்கினார். "சந்தைக்குப் பக்கத்துல புதுசா உணவுக்கூடம் கட்டியிருக்கோம். பதினோராம் கடை காலியா இருக்கு. அங்க பத்து பேர வெச்சிக்கலாம், எவனும் கேக்க மாட்டான். நானே எழுதித் தரேன்."

கல்சோம் கட்டிலைப் பார்த்தார். "இவர யாரு புரட்டிப் போடுறது?"



"நான் இந்த வீட்டுக்கே குடி வந்துடறேன்," என்றார் டீச்சர். "எழுதிக்கோ, வசிப்பவர்னு."

"உங்க அடையாள அட்டையில பக்கத்து வீட்டு எண் இருக்கு, டீச்சர்."

"நடுவுல ஒரே ஒரு சுவருதானேடா!"

"அந்தச் சுவர் வரைக்கும்தான் உரிமம்." ஹில்மி நான்காம் வகுப்பு மாணவனைப்போல் தலை குனிந்துகொண்டார். பிறகு கோப்புக்குப் பதிலாக ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்தார். "வீட்டுல வசிக்கறவங்க எத்தனை பேரு, மக்சிக்?"

"ரெண்டு பேரு."

"ரெண்டு பேரும் தொழில்ல ஈடுபடறீங்களா?"

கல்சோம் தயங்கினார். இன்னொரு பொய்க்கு அவரிடம் இடமில்லை. அப்போது டெருஸ் இடக்கையை உயர்த்தினார், வளைவில் திரும்புமுன் பின்வண்டிக்குக் காட்டுவதுபோல. "ஆமா," என்றார். ஹில்மியின் தட்டிலிருந்து வால் முடியாத அந்தக் கறிபாப்பை எடுத்து மார்பின்மேல் வைத்து, முடியாத இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். பொரித்த மாவு நொறுங்கி மெத்தையெல்லாம் சிந்தியது. ஹில்மி அதை இறுதிவரை பார்த்திருந்துவிட்டு எழுதினார்: இரண்டு.

செப்டம்பர் ஐந்தாம் நாளிட்ட அறிக்கை என் கோப்பின் கடைசித் தாள். "விருந்து குறித்த நாளில் நடைபெற்றது, உடனிருந்து உண்டேன்." அதன்கீழ் புதுப்பிப்பு, ஓராண்டுக்கு. நான்காம் நிபந்தனை மட்டும் அடிக்கோடிடப்பட்டிருந்தது. ஓரத்தில் கையால் ஒரு வரி: "பொட்டலங்களில் இருவர் கை முறுக்குக்கு மேல் தென்பட்டால் உரிமம் நீக்கப்படும்."

இப்போது ஒரு பள்ளிக்குத்தான் பொட்டலம் போகிறது. காலையில் கல்சோம் டெருஸைத் தலையணைகளில் நிமிர்த்தி உட்கார வைத்து, மார்புக்குக் குறுக்கே பலகை போடுகிறார். கட்டில் முன்னறையில் இருப்பதால் நாடாவை அதுவரை நீட்டி ஒட்ட வேண்டியதாயிற்று. அதற்கு ஈடாக அலமாரி வெளியே போனது. ஒன்பது மணி முதல் பதினொன்று வரை, அடுத்த புரட்டல்வரை, இருவரும் முறுக்குகிறார்கள். கல்சோமுக்கு ஐம்பது, டெருஸுக்கு பன்னிரண்டு. அவருடையவை ஐந்தே மடிப்பு, ஒவ்வொன்றும் விரல் அகலம். சில பலகையிலேயே வாய் பிளந்துவிடும். அவற்றைக் கல்சோம் பொட்டலத்தில் சேர்க்காமல் ஒதுக்கினால் டெருஸ் பலகையில் தட்டுகிறார். கணக்கில் பெயர் இருக்கிறதல்லவா.

பெண்கள் வருவதை நிறுத்தவில்லை. ஆனால் கல்சோமின் வீட்டுக்குள் நுழைவதில்லை. டீச்சர் வீட்டுப் போர்ட்டிக்கோவில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, இடைச்சுவரின்மேல் முழங்கையை ஊன்றிக்கொள்கிறார்கள். இடுப்பளவுச் சுவர். இந்தப் பக்கம் திறந்த முன்னறைக் கதவோரம் வீங்கிய கையோடு ஒருத்தி முறுக்குகிறாள். அந்தப் பக்கம் பன்னிரண்டு நல்ல கைகள் சும்மா கிடக்கின்றன. பேச்சு மட்டும் தாராளமாகக் கடந்து போகிறது. நேற்றுக் காலை நான் கடிதம் ஒன்றைக் கொடுக்கப் போனபோது டீச்சர் எதையோ சொல்லிக்கொண்டே, தலைமுக்காட்டின் முனையை விரல்களால் மடித்து, அழுத்தி, இழுத்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். துணியில் இடைவெளி பிசகாத கோடுகள் வரிசையாக விழுந்திருந்தன.

கல்சோம் தலை நிமிராமலே சொன்னார்:

"டீச்சர், கைய சுவருக்கு கீழ வெச்சிக்குங்க. வெள்ளை வண்டி வந்துச்சுன்னா அதையும் எண்ணுவாங்க."